பதறாதீர்கள் என்று ஓர் அலறல்

2023 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் மசால்வடையைப் பேப்பரில் வைத்து எண்ணெயைப் பிழிந்துகொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதிலிருந்து எண்ணெயை விட்டுவிட்டேன், வடையை விடவில்லை. அப்போதுதான் சட்டைப்பை அலறியது.

போன் மணி அடித்தால் யாருடையது என்று தெரிந்துவிடும், ஆளுக்கொரு பாட்டு வைத்திருக்கிறோமே. இது பாட்டு இல்லை. ஆம்புலன்ஸும் மிக்சியும் சேர்ந்து ஒப்பாரி வைத்த மாதிரி ஒரு சத்தம், கடையிலிருந்த ஏழெட்டுப் பேர் பையிலிருந்தும் ஒரே நொடியில். வாசலில் நின்ற செங்கல்பட்டு பஸ் முழுக்க அதே அலறல். சைலண்டில் போட்டிருந்தவரையும் விடவில்லை.

மாதத் தவணை பாக்கி வைத்திருந்த ஒருவர், "லோன்காரன் இப்படியெல்லாமா கூப்பிடுவான்?" என்று வெளுத்துப்போனார். பேங்கில் இருக்கிற பணத்தை எவனோ எடுக்கிறான் என்றார் இன்னொருவர். "கல்பாக்கம் அணு உலைல ஏதாவது ஆயிடுச்சா?" என்று யாரோ மெல்லக் கேட்டதும் கடை அமைதியானது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அடிவயிற்றில் எப்போதும் ஒரு கல்பாக்கம் இருக்கிறது. கல்லூரிப் பையன் ஒருவன் "வெடிக்கப்போகுது!" என்று தன் போனை கிளாஸ் கழுவுகிற பக்கெட்டில் போட்டான். பூக்கூடைக்காரம்மா மட்டும் அசையவில்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். "இன்னாப்பா, எல்லாருக்கும் ஒரே ஆளா போன் பண்றான்?" என்றார்.

திரையில் முக்கோணம், ஆச்சரியக்குறி, கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம். என் கண்ணாடி வீட்டில். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் படித்துச் சொன்னார்: இது தொலைத்தொடர்புத் துறை அனுப்பிய சோதனைச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம், உங்கள் தரப்பில் எதுவும் செய்யத் தேவையில்லை. பையன் பக்கெட்டைப் பார்த்தான். அவன் தரப்பில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தான்.

திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக, டவருக்கு டவர் நாடு முழுக்க ஒத்திகை பார்த்தார்கள். நம்பர் தேடி ஒவ்வொருவருக்காக அனுப்புகிற எஸ்எம்எஸ் இல்லை இது; டவர் எல்லைக்குள் நிற்கிற, இதை வாங்கும் வசதியுள்ள போன்களுக்கெல்லாம் ஒரே வீச்சில் போய் விழும். பாலாற்றங்கரையில் குடியிருக்கிற நமக்கு இது தேவைதான். ஆனால் பொருட்படுத்த வேண்டாம் என்பதை இவ்வளவு சத்தம் போட்டுச் சொல்ல அரசாங்கத்தால்தான் முடியும்.

இந்த ஊரில் முன்பெல்லாம் அரசாங்கச் சேதி சொல்லத் தண்டோரா. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, ஒலிபெருக்கி வந்த பிறகும் ஒரு மனிதரைப் பறையடித்துத் தெருத்தெருவாக நடக்கவிடுவது தகாது, நிறுத்துங்கள் என்று ஆட்சியர்களுக்கு எழுதினார். சரியான காரியம், எப்போதோ நின்றிருக்க வேண்டியது. தண்டோராவிலும் முதலில் சத்தம்தான், அப்புறம்தான் சேதி. ஆனால் சத்தத்துக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது. "ஏம்ப்பா, நம்ம தெருவுக்குமா?" என்று மறித்துக் கேட்கலாம். சட்டைப்பையை மறித்துக் கேட்க முடியுமா?

ஜனத்தைப் பதறவைப்பதில் அமெரிக்காக்காரன் நமக்கு அண்ணன். 2009 ஏப்ரல் 27 அன்று நியூயார்க்கில், சுதந்திரதேவி சிலை பின்னணியில் அதிபரின் விமானத்தைப் படம் பிடிக்க ஆசைப்பட்டு, அதைத் தாழப் பறக்கவிட்டார்கள். பின்னாலேயே போர் விமானம். இரட்டைக் கோபுரத்தைப் பறிகொடுத்த ஊர். ஜனம் அலுவலகங்களிலிருந்து மாடிப்படியில் உருண்டு புரண்டு ஓடியது. அதிகாரிகளுக்கு முன்பே தகவல் போயிருந்தது, பொதுமக்களிடம் சொல்லக் கூடாது என்ற குறிப்போடு! அதிபர் ஒபாமா விமானத்திலேயே இல்லை. செலவு 3,28,835 டாலர். ஏற்பாட்டுக்குப் பொறுப்பான லூயி கால்டெராவுக்கு வேலை போயிற்று. நம்ம ஊர் கல்யாண போட்டோகிராபர்கூட, பந்திக்கு மேலே டிரோன் விடுவதற்கு முன் "இலைய புடிச்சுக்கோங்க" என்று ஒரு குரல் கொடுக்கிறார்.

நம்மூரில் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. பதற்றம் தணிந்து மிச்ச வடையை எடுத்தபோது அடியில் கிடந்தது முந்தின நாள் பேப்பர். நாளை செல்போனில் சோதனை ஒலி வரும், மக்கள் பயப்பட வேண்டாம் என்று வாத்தியார் உரக்கப் படித்தார். பாதி வரிகள் எண்ணெயில் ஊறி, பின்பக்கத்து நகைக்கடை விளம்பரத்தோடு கலந்திருந்தன. பக்கெட் பையன் என்னை ஏன் முறைத்தான் என்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போனால் அம்மாவின் போனைக் காணோம். அரிசிப் பானைக்குள் புதைத்து, தட்டு போட்டு மூடி, தட்டின் மேல் அம்மியின் குழவியை வைத்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. கவர்மென்ட்டு அனுப்புன சோதனை."

"அவங்க வேற தனியா அனுப்பணுமாடா?" என்றாள் அம்மா, குழவியை எடுக்காமலே.