ஒரு கப் மண்

போன வாரம் லூசி ரீயைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பாவம், தபால்காரருக்குத் தோள் இறங்கிவிட்டது. ஆகவே இந்த வாரம் கப்பும் கிண்ணமும்தான். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த வாரம் வரை அடக்கி வாசிக்கவும்.

யார் இந்த லூசி ரீ? பழைய ஹாலிவுட் நடிகையா?
— சினிமா ரசிகர், பல்லாவரம்

நடிகை இல்லை, குயவர். 1902-ல் வியன்னாவில் ஒரு டாக்டர் வீட்டில் பிறந்த யூதப் பெண். 1938-ல் நாஜிகளிடம் தப்பி லண்டன் வந்தார். ஹைட் பார்க் பக்கத்தில் ஆல்பியன் மியூஸ் என்றொரு சந்து. அங்கே கீழே பட்டறை, மேலே வீடு. கப், கிண்ணம், பூச்சாடி என்று 90 வயதை நெருங்கும்வரை வனைந்துகொண்டே இருந்தார். 1991-ல் பிரிட்டன் 'டேம்' பட்டம் கொடுத்தது. கப்புக்காகப் பட்டம் வாங்கியவர் என்றால் விளையாட்டு வீராங்கனை என்று நினைப்பீர்கள், அதனால்தான் இவ்வளவு விளக்கம்.

பூ இல்லை, கொடி இல்லை. வெறும் வெள்ளைக் கிண்ணம். அதற்கு இரண்டாயிரம் ரூபாயா?
— மயக்கம் தெளியாதவர், சேலம்

பூ இருந்தால் கோணல் பூவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வெறும் கிண்ணத்தில் எங்கே ஒளியும்? விளிம்பு ஓர் இழை தடித்தாலும், அடிப்பாகம் கொஞ்சம் கனத்தாலும் ஊருக்கே தெரியும். பூ போடாமல் விட்டதற்குத்தான் அந்தக் காசு.

திரிகை சுற்றுகிறது, மண் தானாக எழும்புகிறது. இதில் என்ன பெரிய வித்தை?
— வீடியோ மட்டும் பார்த்தவர், ஓசூர்

எழும்பும். அப்புறம் சுருங்கும். காயும்போது கொஞ்சம், சூளையில் கொஞ்சம் என்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். கூஜா ஒரு பக்கம் சுருங்கும், அதன் மூடி இன்னொரு பக்கம் சுருங்கும். இரண்டும் வெந்து வந்து கச்சிதமாக உட்கார வேண்டும். பத்துப் பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணத்திலேயே இது நடப்பதில்லை.

கைப்பிடி இல்லாத கப்பில் சூடான காபியை எப்படிக் குடிப்பது?
— டிகிரி காபி தாசன், கும்பகோணம்

உங்கள் டம்ளருக்குக் கைப்பிடி எப்போது முளைத்தது?

அகதியாகப் போனவர் கையில் என்ன கொண்டுபோனார்?
— சரித்திர மாணவி, மதுரை

அலமாரி! அவருடைய வியன்னா வீட்டுக்கு எர்ன்ஸ்ட் பிளிஷ்கே என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த மரச் சாமான்களைக் கழற்றி லண்டனுக்கு வரவழைத்தார். புது இடத்துக்குத் தக்கபடி அவற்றைப் பொருத்திக் கொடுத்தவர் எர்ன்ஸ்ட் ஃப்ராய்ட். ஆமாம், அந்த சிக்மண்ட் ஃப்ராய்டின் பிள்ளைதான். அப்பா மனசைக் கழற்றிப் பார்த்தார், பிள்ளை அலமாரியைக் கழற்றி மாட்டினார். இருவரில் யார் வேலை ஆடாமல் நின்றது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

உலகப் போரின்போது யார் பூச்சாடி வாங்கியிருப்பார்கள்? எப்படிப் பிழைத்தார்?
— கணக்குப்பிள்ளை, சிவகாசி

பித்தான் செய்து பிழைத்தார். ஃபேஷன் கடைகளுக்குப் பீங்கான் பித்தான், போருக்குப் பின்னும் கொஞ்ச காலம் அதேதான். கடைக்காரர் துணித் துண்டை நீட்டுவார், அந்த நிறத்துக்குப் பித்தான் வேண்டும். ஒவ்வொரு துணிக்கும் ஒரு கிளேஸ், அதாவது மேற்பூச்சு, கலந்து கலந்து, ரசாயனம் அத்துப்படியாகிவிட்டது. பிற்காலத்தில் அவர் கிண்ணங்களில் விமர்சகர்கள் வாய்பிளந்து பார்த்த நிறங்களுக்கு இந்தப் பிழைப்பும் ஒரு பள்ளிக்கூடம்.

1989-ல் ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இசே மியாகே அதே பித்தான்களைத் தன் உடைகளில் தைத்துப் பெருமைப்படுத்தினார். உங்கள் வீட்டுத் தையல் டப்பாவை இன்றைக்கே பூட்டி வையுங்கள்.

எங்கே போனாலும் முன் அனுபவம் கேட்கிறார்கள் மாமா!
— பட்டதாரி, திருச்சி

1946-ல் ஹான்ஸ் கோப்பர் என்ற ஜெர்மன் அகதிப் பையன் லூசியின் கதவைத் தட்டினான். வேலை வேண்டும், மண் வேலையில் அனுபவம் பூஜ்யம். பித்தான் அச்சு அழுத்த ஆள் தேவை என்று சேர்த்துக்கொண்டார். பையன் திரிகையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டான். லூசியின் கப்புகளுக்குக் கூட்டாளியானான். அப்புறம் அவரே மேதை என்று மதித்த கலைஞன் ஆனான். 1962-ல் திறந்த கோவென்ட்ரி பேராலயத்தின் பிரம்மாண்ட மெழுகுவர்த்தித் தண்டுகள் அவன் கைவேலை. இன்றைய எச்.ஆர். ஆசாமியாக இருந்தால் "பித்தான் துறையில் குறைந்தது மூன்று வருடம்" என்று கதவைச் சாத்தியிருப்பார்.

துறையில் பெரியவர் ஒருவர் என் வேலையைக் குறை சொல்கிறார். என்ன செய்ய?
— வாடிய முகம், நாகர்கோவில்

லூசிக்கும் ஒரு பெரியவர் இருந்தார். பெர்னார்ட் லீச். ஹாங்காங்கில் பிறந்து, ஜப்பானில் தொழில் கற்று, 1920-ல் ஹமாடா ஷோஜியோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் சூளை போட்டவர். அந்த ஊர்க் குயவர்களுக்கு மடாதிபதி மாதிரி. லூசியின் கலங்கள் மெல்லிசு, கனம் போதாது என்றார். லூசி தடியாகச் செய்து பார்த்தார். சரிப்படவில்லை. உன் கைக்கு வருவதைச் செய் என்று கோப்பர் ஊக்கம் கொடுக்க, பழைய மெல்லிசுக்கே திரும்பினார். லீச்சோடு சிநேகமும் கெடவில்லை.

கேட்டார், செய்து பார்த்தார், விட்டுவிட்டார். மாமியாரிடமும் இதே சூத்திரம் பலிக்கும்.

விறகுச் சூளைதானே அசல் கலை? கரண்ட் சூளை ஏமாற்றுவேலை இல்லையா?
— பாரம்பரியக் காவலர், மானாமதுரை

மானாமதுரையிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்! உங்கள் ஊர்க் கடம் வாழ்க. லூசி சுட்டது மின்சாரச் சூளையில். அதுவும் ஒரே சூடு. மற்றவர்கள் முதலில் ஒருமுறை சுட்டு, கிளேஸ் பூசி, மறுபடி சுடுவார்கள். அவர் வேகாத பச்சைக் கலத்தின் மேலேயே தூரிகையால் கிளேஸைத் தடவிவிடுவார். ஈரம் கொஞ்சம் தூக்கலானால் கலம் கையிலேயே சரிந்துவிடும். விறகு, கரண்ட் சண்டையை விடுங்கள். அந்தத் தூரிகையைப் பிடித்துக் காட்டுங்கள்.

சூளை ஆறுவதற்கு ஏன் அத்தனை நேரம்? கதவைத் திறந்து காற்று விட்டால் என்ன?
— அவசரக்காரன், ஈரோடு

573 டிகிரி செல்சியஸில் மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் திடுமென்று உரு மாறி, அளவும் மாறும். அந்த நேரத்தில் கலத்தின் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் விரிசல் நிச்சயம். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் குயவராகத்தான் இருக்க வேண்டும். சமையல்காரர் என்று பாட்டி வாதாடினால் விட்டுக்கொடுத்துவிடுங்கள், சாப்பாடு முக்கியம்.

ஸ்டோன்வேர் என்கிறார்களே, அது என்ன மேல்நாட்டுச் சமாசாரம்?
— இல்லத்தரசி, தஞ்சாவூர்

உங்கள் பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடி. ஏறக்குறைய 1250 டிகிரியில் வெந்து இறுகியதால் உப்பும் புளிப்பும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதையே சின்னதாக்கி, பழுப்பைச் சாம்பல் நிறமாக்கி, மஞ்சள் விளக்குக்குக் கீழே வைத்தால் கடையில் பெயர் 'மினிமலிஸ்ட்'.

கிளேஸ் போட்ட அழகான கூஜா வாங்கினேன். தண்ணீர் குளிரவே இல்லை!
— தாகத்துடன், வேலூர்

குளிராது. சாதாரண மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே நீர் கசிந்து, ஆவியாகி, போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கிளேஸ் என்பது கண்ணாடிப் பூச்சு. கசியாது. வேலூர் வெயிலுக்கு அழகைப் பார்ப்பதா, தண்ணீரைக் குடிப்பதா?

அதில் புளிக்குழம்பு ஊற்றி வைக்கலாமா?
— அதே வேலூர், இன்னொரு கடிதம்

காரீயம் கலந்த கிளேஸ் என்றால் கூடாது, புளிப்பு அதைக் கரைத்து வயிற்றுக்கு அனுப்பிவிடும். உயர்சூட்டு ஸ்டோன்வேருக்குக் காரீயம் தேவையே இல்லை. செய்தவரிடம் கேளுங்கள். பதில் சொன்னால் வாங்கலாம். கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

நம் பக்கம் இப்படி யாரும் செய்யவில்லையா?
— உள்ளூர்ப் பற்று, விழுப்புரம்

பஸ் ஏறினால் புதுச்சேரி. 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் தொழில் படித்தவர். நம்மூர்ச் சவுக்கு விறகில் ஸ்டோன்வேர் சுட்டார்கள்: தட்டு, கிண்ணம், டீ கூஜா, எல்லாம் புழங்குவதற்கு. அங்கே கற்றவர்கள் தனித்தனிப் பட்டறை போட, இந்தியாவில் கைவினைப் பீங்கான் என்றால் புதுச்சேரி என்றாகிவிட்டது.

மீக்கர் கப்போடு நிற்கவில்லை. 1980-களில் சுடாத மண் செங்கல்லால் வீடு கட்டினார். வீட்டுக்குள்ளே இன்னும் பச்சைச் செங்கல்களை அடுக்கி, தீ மூட்டி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். வீடும் வெந்தது, உள்ளே இருந்த சரக்கும் வெந்தது. தீ வைத்து நல்ல பெயர் வாங்கியவர்களில் அனுமாருக்கு அடுத்து இவர்தான்.

லூசி ரீ தன் கலையைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்? பேச்சுப் போட்டிக்கு வேண்டும்.
— எட்டாம் வகுப்பு, பழனி

அதிகம் கிடைக்காது கண்ணு. வந்தவர்களுக்குத் தன் கையால் செய்த கேக்கைக் கொடுத்து உபசரிப்பார், விளக்கம் கொடுக்க மாட்டார். 1982-ல் பி.பி.சி.க்காக டேவிட் அட்டன்பரோ போய்ப் பேட்டி எடுத்தார். கொரில்லாவோடு சுலபமாகப் பழகிய மனிதர், இந்த அம்மாவிடம் ஒரு நீண்ட பதில் வாங்கத் திணறினார். நீ வேறு தலைப்பு எடு.

உடைந்த கப்பைத் தங்கம் வைத்து ஒட்டும் ஜப்பானிய முறையை எனக்குச் சொல்லித் தருவீர்களா?
— கைநழுவியவர், கோவை

மரப்பால் அரக்கால் ஒட்டி, வாரக்கணக்கில் காயவிட்டு, மேலே தங்கப் பொடி தூவ வேண்டும். இன்றைக்குக் கிராம் என்ன விலை என்று பார்த்தீர்களா? தங்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கப்பைத் தூக்கிப் போடுங்கள்.