பேரமில்லாத பழைய கார்

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். பெரிய கம்பெனி ஒன்றில் 'போட்ட விலைதான், பேரம் கிடையாது' என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகர், இலஞ்சி

பதில்: தாராளமாக. வாய்ச் சாமர்த்தியம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே விலை என்பது நல்ல நியாயம். அமெரிக்காவில் கார்மேக்ஸ் 1993-ல் கடை திறந்ததே இந்த முறையில்தான். இங்கே ஸ்பின்னி அதே வழியில் விற்கிறது.

விலையைப் பேச முடியாவிட்டால் என்ன, காரைப் பேச வையுங்கள்! உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். இன்ஜின் சூடாவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சத்தம் கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளம் பார்த்த வண்டியாக இருக்கலாம். 2023 டிசம்பரில் சென்னையும் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியதை மறக்காதீர்கள். குற்றாலச் சாரலில் ஓடப்போகும் வண்டிக்கு வைப்பரும், கதவு ரப்பரும், அடிப்பாகத் துருவும் முக்கியம்.

அடுத்தது காகிதம். பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அந்தச் சான்றைக் கேளுங்கள். ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு நீங்கியிருக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டும் வேண்டும். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். வாரண்டியில் எது அடங்காது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பேரத்தை விட்டுக்கொடுக்கலாம். ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறும்வரை கம்பெனியை மட்டும் விடாதீர்கள்.