கழிவிலிருந்து கம்மல்

பழைய காகிதத்தில் ஜிமிக்கி செய்வதென்று வீட்டில் முடிவானது. காசே செலவில்லையாம். செய்தித்தாளை 5 மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டிச் சுருட்டினோம். மை விரலில் ஒட்டியது. ஆகவே காகிதச் சுருள்வேலைக்கான குவில்லிங் தாள்கட்டு ஒன்று புதிதாக வாங்கினோம். பிறகு சுருட்டுகிற ஊசி, குமிழ் அச்சு, பசை, ஈரம் படாமலிருக்க வார்னிஷ், காதுக்கொக்கி, தொங்கவிட முத்து. (பசை இரண்டு முறை, மூடியைத் திறந்தே வைத்தது நான்தான்.) மறுசுழற்சிக்கு மிஞ்சியது நல்லெண்ணம் மட்டும்.

"எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "நாங்களே செஞ்சதுக்கா."

"அதான் பார்த்தேன்."

இப்போது மகள், குளிர்பான டின்னின் திறப்பு வளையத்தில் கம்மல் செய்யப்போகிறாள். சிரிக்கவும் முடியவில்லை; அந்த வளையம் அலுமினியம். அலுமினியம் அரிய உலோகமாக இருந்த 1884இல், வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சிமுனையை அதில்தான் வார்த்தார்கள். மேலே ஏற்றுமுன் நியூயார்க்கின் டிஃபனி நகைக்கடையில் காட்சிக்கும் வைத்தார்கள். மகள் நூற்றுச் சொச்சம் வருடம் பிந்திவிட்டாள், அவ்வளவே.

வளையம் வேண்டுமே என்று நேற்று ஆறு டின் வாங்கிவந்தேன். குடித்துத் தீர்க்கும் பொறுப்பு என்னுடையது.