சாக்பீஸ் தொட்டி

மலைமேல் செம்மேட்டுப் பக்கம் இடம் வாங்கி, ரிட்டயர் ஆன காசில் வீடு கட்டுகிறாரே, அவரைப் பார்க்கப் போவதென்றால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரள நீங்கள் மேலே வந்து சேர்ந்ததும், காபிக்கு முன்னால் பாத்ரூமுக்குத்தான் கூட்டிப்போவார். சிமெண்டுத் தரையில் குளியல் தொட்டிக்காகச் சாக்பீஸால் ஒரு கட்டம். ஐந்தடி நீளம், இரண்டரையடி அகலம்.

"சும்மா ஒரு நிமிசம் படுத்துப் பாருங்க."

படுத்தாக வேண்டும். மீட்டர் வைக்க வந்தவர் படுத்திருக்கிறார். பலாப்பழம் கொடுக்க வந்த பக்கத்துத் தோட்டக்காரர் படுத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சம்பந்தி வீட்டுப் பெரியவர், தாம்பாளத்தைச் சித்தாளிடம் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார். கால் கோட்டைத் தாண்டினால் ஈரத்துணியால் கோட்டை அழித்து ஆறங்குலம் தள்ளிப் போடுவார். அடுத்து வருகிறவர் குள்ளமென்றால் கோடு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தால், அடுத்தது ஷவர். கதவு இல்லாத வகை. நடந்தே உள்ளே போய் நடந்தே வெளியே வரலாமாம். கண்ணாடித் தடுப்பு வரவேண்டிய இடத்தில் சென்ட்ரிங் பலகையைப் பிடித்தபடி சித்தாள் நிற்பார். நீங்கள் பலகையைச் சுற்றி உள்ளே போய் சோப்புப் போடுவதுபோல் கையை ஆட்ட வேண்டும். வீட்டுக்காரர் வெளியே குந்திக்கொண்டு, "சாரல் இதுவரைக்கும் அடிக்குமுங்களா?" என்று காய்ந்த தரையைத் தடவிப் பார்ப்பார். "வாட்டம் ஒழுங்கா விட்டாத் தண்ணி அதுபாட்டுக்குப் போயிருமுங்க" என்று கொத்தனாரும் மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தொட்டியா ஷவரா என்பதற்குக் கணக்கு சொன்னாலும் எடுபடாது. தொட்டி நிறையச் சுமார் 150 லிட்டர் தண்ணீர் வேண்டும். அவர் வாங்கி வைத்திருப்பது 15 லிட்டர் கீசர். அடுத்த நடை சுடுவதற்குள் முதல் நடை ஆறிவிடும்; மார்கழியில் அதில் உட்கார்ந்தால் ஜன்னிதான். "அப்ப ஷவருங்களா?" என்று முகம் மலரும். ஆமாம் என்றால், "வயசான காலத்துல நின்னுட்டே குளிக்க முடியுங்களா?" சரி, தொட்டியே வையுங்கள் என்றால், "விளிம்பைத் தாண்டறப்ப வழுக்கிட்டா?" ஷவரடியில் உட்காரத் திண்டு கட்டலாம், பிடிக்கக் கம்பி பதிக்கலாம், சொரசொரப்பான டைல்ஸ் போடலாம் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் போன் செய்து அதே கேள்வியை என்னிடமே கேட்டார்.

ஒருமுறை ஆகாய கங்கை அருவிக்குக் கூட்டிப்போனோம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். கிட்டத்தட்ட 300 அடி உயரத்திலிருந்து கொட்டுகிறது. கதவும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. எல்லோரும் கூச்சல் போட்டுக் குளித்துக்கொண்டிருக்க, தலையைத் துவட்டியபடி சொன்னார்: "பிரஷர் கொஞ்சம் ஜாஸ்திங்க."

அவர் மட்டும் வாளியும் சொம்புமாகக் காலம் தள்ளினால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அவர் சம்சாரமும் அல்லவா காத்திருக்கிறார்? வீட்டுக்குப் பின்னால் நான்கு தகரத்தை நிறுத்தி, வாசலுக்குச் சேலையைத் தொங்கவிட்டு, விறகடுப்பில் வெந்நீர் போட்டு, ஆள் நடமாட்டம் தொடங்குமுன் இருட்டோடு இருட்டாகக் குளித்து முடிக்கிறார். மீட்டர்காரரைக்கூடக் கேட்ட மனுஷன் வீட்டம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"எதுவா இருந்தா என்னங்க? தாப்பாள் போடற மாதிரி ஒரு கதவு வெச்சாப் போதும்."