பால் நீத்தார் பெருமை

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் காலை நடை போகும் கூட்டத்தில் பால் நீத்தாரைக் கண்டுபிடிப்பது சுலபம். நடை முடிந்து மற்றவர்கள் காபிக் கடைப் பக்கம் ஒதுங்கும்போது இவர் இரண்டடி தள்ளி நின்று, “நமக்கு டெய்ரி ஒத்துக்கறதில்லை சார்” என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அறுபதைத் தாண்டியவர், பாங்கிலோ பொதுப்பணித் துறையிலோ ஓய்வு பெற்றவர், மகளோ மகனோ நியூஜெர்சியில். அங்கே ஆறு மாதம் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு திரும்பியபோது சுங்கத்தில் காட்டாமல் கொண்டுவந்த ஒரே சரக்கு இந்தக் கொள்கைதான். வந்த வாரமே பித்தளை டபரா செட் பரணுக்குப் போயிற்று. குளிர்சாதனப் பெட்டியில் பாதாம் பால் அட்டைப்பெட்டி பிரதிஷ்டை ஆயிற்று. கல்யாணப் பந்தியில் பாயசக் கரண்டி நெருங்கும்போதே இலைக்குக் குறுக்கே இரண்டு கையும் வந்துவிடும். ஆனால் பருப்பின்மேல் நெய் விழும்போது கை நகராது. நெய் மருந்து. மோர் குளிர்ச்சி. தயிர் சாதமோ, அடிப்படையில் சாதம்.

இந்த இரட்டைக் கணக்கைக் கேலி செய்யத் தோன்றும். ஆனால் விஞ்ஞானம் அவருடைய கொள்கையைவிட அவருடைய ஓட்டைகளின் பக்கம்தான் நிற்கிறது. பால் ஒத்துக்கொள்ளாமைக்குப் பெரும்பாலும் காரணம் அதிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை. அதைச் செரிக்கும் நொதி குழந்தைப் பருவத்தோடு குறைந்துபோவது நோய் அல்ல. உலகத்துப் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அப்படித்தான், வடக்கத்திக்காரர்களைவிடத் தென்னிந்தியர்களுக்கு அதிகம். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன, செரிப்பதற்கும் கைகொடுக்கின்றன. நெய்யில் அது இல்லையென்றே சொல்லலாம். ஆக, மோருக்கும் நெய்க்கும் அவர் கொடுத்திருக்கும் விலக்கு நியாயமானதே. தவறு காபியில்தான் நடந்தது. நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை பெரிய உபத்திரவம் இல்லாமல் தாங்குவார்கள் என்பது மருத்துவர்களின் பொதுக் கணிப்பு. ஒரு டம்ளர் காபியில் விழும் நூறு மில்லி பாலில் இருப்பது ஐந்து கிராம். குற்றவாளியைத் தப்பவிட்டு அப்பாவியைப் பிடித்த கதை இது. அந்தக் குற்றவாளி, முதல் நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு உள்ளே போன பரோட்டாவாகக்கூட இருக்கலாம்.

பாலைத் துறப்பதில் ஓட்டை வைத்த முதல் ஆள் இவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1912இல் பாலை விட்ட காந்தி, பிற்பாடு கடும் நோயில் கிடந்தபோது, விரதம் எடுத்த வேளையில் மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தான் என்ற நியாயத்தில் ஆட்டுப்பாலுக்கு இணங்கினார். அது உறுத்திக்கொண்டே இருந்ததாகச் சுயசரிதையில் எழுதியும் வைத்தார். நம்மவருக்கு அந்த உறுத்தல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயம் இன்னும் ஆழமானது. காவிரி டெல்டாவின் காலைச் சாப்பாட்டில் பால் எங்கே இருந்தது? இட்லியில் இல்லை, தோசையில் இல்லை, சாம்பாரில் இல்லை. வெண்பொங்கலில் நெய்யாக வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் பழைய சோற்றிலும் நீராகாரத்திலும், ஒரு கரண்டி மோர் சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. மிச்சம் காபி ஒன்றுதான். அந்த நூறு மில்லியைத் தள்ளிவிட்டால் நம் காலைப் பலகாரத்தில் துறக்கப் பால் ஏது? பால் நீத்தார் செய்தது என்னவென்றால், முதலில் இட்லியை நிறுத்திவிட்டுக் கார்ன்ஃப்ளேக்ஸ் வாங்கினார். அது காய்ந்த பண்டம், ஏதாவது ஊற்றாமல் தொண்டையில் இறங்காது. ஊற்றுவதற்குப் பால் வேண்டும், பால்தான் ஆகாதே, ஆகையால் பாதாம் பால். மாற்று தேவைப்படாத சாப்பாட்டை விட்டுவிட்டு, மாற்று தேவைப்படும் சாப்பாட்டை வரவழைத்து, பிறகு அந்த மாற்றையும் காசு கொடுத்து வரவழைக்கிறார்.

வரவழைத்தது என்ன என்பதைப் பெட்டியின் பக்கவாட்டில், கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் வைத்துப் படிக்கும் அளவில் அச்சடித்திருப்பார்கள். பல பெட்டிகளில் பாதாம் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான், மற்றது தண்ணீர். மாட்டுப்பால் நூறு மில்லியில் புரதம் மூன்று கிராமுக்கு மேல். இதில் அநேகமாக ஒரு கிராம்கூடத் தேறாது. உலகப் பாதாமில் பெரும்பங்கு கலிஃபோர்னியாவில், வறண்ட பள்ளத்தாக்கில், பாசனத் தண்ணீரில் விளைகிறது. 2018 காவிரித் தீர்ப்பில் தமிழகத்தின் பங்கு 404.25 டிஎம்சி, அதில் பிலிகுண்டுலுவில் வரவேண்டியது 177.25 என்று தசமப் புள்ளி தவறாமல் ஒப்பிக்கும் மனிதர், ஆவின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார். ஓட்ஸ் பாலுக்குப் போனாலும் பெரிய விடிவில்லை: மாவுச்சத்தை நொதி போட்டு உடைத்துத்தான் அதைச் செய்கிறார்கள், உடைந்தது சர்க்கரையாகி இனிக்கும், பெட்டியில் ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்றும் போட்டிருக்கும். புரதத்தில் மாட்டுப்பாலுக்குக் கிட்டத்தட்டச் சமமாக நிற்பது சோயா. அதன் பச்சை வாசனை பால் நீத்தாருக்குப் பிடிக்காது. பெயரும் போதுமான அளவு விலை உயர்ந்ததாக ஒலிப்பதில்லை.

ருசியும் சத்தும் சேர்ந்த மாற்றுதான் வேண்டுமென்றால், அது அவர் வீட்டிலிருந்து பஸ் போகும் தூரத்தில் தரையில் கிடக்கிறது. சம்பா, தாளடி நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் பயிருக்குள்ளேயே ஈரப் பதத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் நெல் அறுத்தபின் கிடக்கும் இந்தத் தரிசுக்கென்றே ‘ஆடுதுறை 3’ என்ற உளுந்து ரகத்தைக் கொடுத்திருக்கிறது. இருபத்தைந்து கிராம் உளுந்தில் ஆறு கிராம் புரதம். ஒரு பெரிய டம்ளர் பாலில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே. தோல் உளுந்தை வாசனை வரும்வரை வறுத்து, அதில் பாதியளவு பச்சரிசியும் அரை ஸ்பூன் வெந்தயமும் நாலு பல் பூண்டும் சேர்த்துக் குழைய வேகவைத்து மசித்து, சுக்குத் தட்டிப் போட்டு, வெல்லப்பாகு விட்டு, அடுப்பை அணைத்தபின் தேங்காய்ப்பாலை ஊற்றினால் உளுந்தங்கஞ்சி. கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்து எண்ணெய் மிதக்கும். தேங்காய் பட்டுக்கோட்டை, பேராவூரணிச் சரக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடி நட்டு வளர்த்த மரங்கள் அங்கே உண்டு. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு. அது டெல்டாப் பயிர் இல்லைதான், ஆனால் கீழவாசல் மளிகைக் கடைக்கு வராத பயிரும் இல்லை. முப்பது கிராம் மாவில் நூறு மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம், அதாவது காபியில் விழும் பாலில் உள்ள அளவு. முளைகட்டி அரைத்த மாவானால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும்.

மறுப்புகள் வரும். தேங்காய்ப்பாலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பார்கள், உண்மை. அதைக் கஞ்சியில் விடும் அளவோடு நிறுத்த வேண்டும், டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு இயற்கை உணவு என்று ஏப்பம் விடக் கூடாது. கஞ்சி காய்ச்ச யாருக்கு நேரம் என்ற கேள்வி வேலைக்குப் போகும் மருமகள் கேட்டால் நியாயம். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நாளிதழ் படிக்கிறவர் கேட்கக் கூடாது. அவருக்கு அடுப்படி எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டால் போதும். எல்லாவற்றிலும் கனமான மறுப்பு பி12 வைட்டமின். முட்டையும் மீனும் தொடாத வீட்டில் அது வருகிற வழி பாலும் தயிரும்தான். உளுந்தையோ கேழ்வரகையோ அதற்கு நம்ப முடியாது. ஆகவே சைவக் குடும்பத்துக் குழந்தைகளிடம் இந்தப் பரிசோதனை வேண்டாம். பெரியவர்கள் பாலை முழுக்க விட்டால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். கன்றுக்குரிய பாலைப் பிடுங்கக் கூடாது என்று இரக்கத்தால் விடுகிறவர்கள் வேறு ஜாதி. அவர்கள் நெய்யையும் சேர்த்தே விடுகிறார்கள், விட்டதைப் பந்தியில் அறிவிப்பதும் இல்லை. இந்தச் சித்திரத்தில் அவர்களுக்கு வேலை இல்லை.

கடைசியில் எல்லாம் காபியில் வந்து நிற்கிறது. கெட்டி டிகாக்‌ஷனுக்கு மாட்டுப்பாலைப் போல ஈடுகொடுக்கும் மாற்று இன்னும் வரவில்லை. அந்த நூறு மில்லியை நிம்மதியாக ஊற்றிக்கொள்ளலாம், அல்லது கருப்பட்டி போட்ட கடுங்காப்பிக்கு மாறலாம். இரண்டும் மரியாதையான வழி. பால் நீத்தார் இரண்டையும் ஏற்பதில்லை. கொதிக்கும் டிகாக்‌ஷனில் பாதாம் பாலை ஊற்றுகிறார். புளிப்பும் சூடும் சேர்ந்து அது பொடிப் பொடியாகத் திரிகிறது. “என்னன்னா இது, கெட்டுப்போச்சே” என்று மாமி எட்டிப் பார்த்தால், “கெடலை, புரோட்டீன் மேலே வந்திருக்கு” என்கிறார். ரசாயனப்படி அவர் சொல்வது சரி. திரிந்து மிதப்பது புரதம்தான். அந்தப் பெட்டியில் இருந்த மொத்தப் புரதமும் எவ்வளவு என்று மாமி அன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறாள்.