போடி மலைக்குச் சக்கர நாற்காலியில் போகும் முறை

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் பெரிய கேளிக்கைப் பூங்கா என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அந்த வேலையை மலையே பார்த்துக்கொள்கிறது. தலை சுற்றுவதற்குப் போடிமெட்டுச் சாலை, குடல் குலுங்குவதற்குக் கொழுக்குமலை ஜீப், நனைவதற்குக் கும்பக்கரையும் சுருளியும், அந்தரத்தில் தொங்குவதற்கு வீரபாண்டி சித்திரைத் திருவிழா ராட்டினம் என்று வகைக்கு ஒன்றாக இருக்கின்றன. நகரத்துப் பூங்காக்கள் மின்சாரம் செலவழித்துத் தருகிற பயம் இங்கே மலைக்காற்றோடு சேர்ந்து கிடைக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு மட்டும் அந்தப் பயம் சீட்டு வாங்கும் இடத்துக்கு முன்பே, முதல் படியிலேயே தொடங்கிவிடும்.

வண்டிகள் மூன்று வகை. முதல் வகை ஆள் தள்ளுவது. ஆஸ்பத்திரி, கோயில், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் இரவலாகக் கிடைப்பது இதுதான். இதற்கு நான்கு சக்கரங்கள் உண்டு; ஒரு நேரத்தில் மூன்று தரையில் படும். முன்னால் இருக்கும் இரண்டு சிறிய சக்கரங்கள் தரையில் பதித்த கற்களுக்கு இடையே எங்கே சந்து இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து அதில் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது வகை பேட்டரியில் ஓடுவது. சென்னை ஐஐடியில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த நியோபோல்ட், நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் ஒரு மோட்டார் வண்டி. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். சமவெளியில் இது நல்ல வேகம். மலையில், பேட்டரி தீரும் வேகமும் ஏறக்குறைய அதுவாகிவிடும்.

மூன்றாவது வகை, பின்னால் இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர். வெளிநாட்டுப் பூங்காக்களில் வாடகைக்குக் கிடைக்கும் மின்சார ஸ்கூட்டரின் இடத்தில் தமிழ்நாட்டில் இருப்பது இதுதான். தகுதியுள்ளவர்களுக்கு அரசே இலவசமாகத் தருகிறது. மலை ஏறும் தெம்பு இதற்கு உண்டு. ஆனால் சாதாரண இருசக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்பும், இது சாயாது. ஆகவே கொண்டை ஊசி வளைவில் வண்டி நிமிர்ந்து நிற்க, ஓட்டுபவர் மட்டும் பள்ளத்தின் பக்கம் சாய்வார். வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. பின்னால் வரும் லாரி ஹார்ன் அடிப்பதை வாழ்த்தாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, சாலை. அடிவாரத்து முந்தலில் தொடங்கிப் போடிமெட்டு வரை மலைச்சாலை சுமார் 20 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 17. ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீட்டர். கணக்குப் போட்டால் 20 அடிக்கு 1 அடி ஏற்றம் வருகிறது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது இந்திய வழிகாட்டு நெறிமுறை. ஆக, மேற்குத் தொடர்ச்சி மலை சராசரிக் கணக்கில் விதிக்கு உட்பட்டே நடந்துகொள்கிறது. உட்படாதவை அடிவாரத்துக் கட்டடங்கள்தான். 3 அடி உயர வாசலுக்கு 36 அடி நீளச் சரிவு தேவை. கட்டப்படுவது 8 அடி. அதில் மேலே போவதற்கு இரண்டு பேர் தள்ள வேண்டும். கீழே வருவதற்கு யார் உதவியும் வேண்டாம்.

மலையிடம் இருக்கும் இந்த நியாயம் கட்டடத்திடம் இல்லாததற்குக் காரணம் உண்டு. சாலை பாரத்துக்காகப் போடப்பட்டது. மூட்டை ஏற்றிய வண்டி செங்குத்தில் ஏறாது என்பது எஞ்சினியருக்குத் தெரியும். அதனால் மலையை வளைத்து வளைத்து அதற்கு வழி செய்தார். மனிதன் எப்படியாவது ஏறிவிடுவான் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் அவனுக்குப் படி. இந்த மலையில் சரக்குக்குக் கிடைத்த மரியாதை பெரியது. மூணாறுப் பக்கத்துத் தேயிலை, 1908-இல் வந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை உட்கார்ந்து வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக ஊர் உலகத்துக்குப் போனது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்தது. தேயிலைப் பெட்டி அந்தரத்தில் மிதந்துவந்த அதே சரிவில், குரங்கணியிலிருந்து மேலே போக விரும்பும் மனிதர் இன்றைக்கும் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு நடக்கத்தான் வேண்டும்.

வீடுகளிலும் இதே நடைமுறை. வாசலில் நான்கு படி கட்டுகிறவர், அதன் நடுவிலோ ஓரத்திலோ மறக்காமல் ஒரு சிமெண்டுச் சரிவு வைப்பார். அது இரவில் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியை உள்ளே ஏற்றுவதற்கு. வண்டி மழையில் நனையக்கூடாது. முட்டி வலியுள்ள அப்பத்தா படியிலேயே ஏறிக்கொள்வார்.

இதிலிருந்து சக்கர நாற்காலிப் பயணிக்கு ஒரு விதி கிடைக்கிறது: சரக்கு எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து அந்த வழியில் போக வேண்டும். கல்யாண மண்டபத்தில் முன்வாசலில் பத்துப் படி இருந்தாலும், சமையல்கட்டுப் பக்கம் கேஸ் சிலிண்டரும் அண்டாவும் உருண்டு போகிற சமவாசல் ஒன்று நிச்சயம் இருக்கும். அந்த வழியில் வருபவருக்குப் பன்னீரும் சந்தனமும் தப்பிப்போகும். பாயசம் எந்த நிலையில் இருக்கிறது என்பது மற்ற விருந்தாளிகளுக்கு முன்பே தெரிந்துவிடும். ரயில்வேயும் இந்த விதியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மீட்டர்கேஜ் பாதையை 2010 முடிவில் மூடி, அகலப்பாதையாக்கி, 2023 ஜூன் 15-இல் போடிக்கு மறுபடியும் ரயில் விட்டார்கள். சென்னை சென்ட்ரலிலிருந்தே ஏறி வரலாம். இத்தகைய ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் பெரும்பாலும் பார்சலும் கார்டும் போகும் அதே கோடிப் பெட்டியில் இருக்கும். பார்சலுக்கு ரசீது கொடுப்பார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இனி, இடங்கள். முதலில் கொழுக்குமலை. இது தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. போடிக்காரர் போடிமெட்டில் மாநிலம் தாண்டி, சூரியநெல்லியில் ஜீப் பிடித்து, பாறையும் பள்ளமுமான பாதையில் ஏறி, மறுபடியும் தன் மாவட்டத்துக்கே வந்துசேர வேண்டும். ஜீப்பில் ஏற்றும் முறை இது. நாற்காலியை முன் சீட்டுக்குச் சாய்வாக நிறுத்தி, பிரேக் போட்டு, கால் வைக்கும் தகட்டைத் தூக்கிவிட வேண்டும். ஒருவர் பின்னாலிருந்து அக்குளுக்குக் கீழே கைகொடுத்துக் கட்டிப்பிடிக்க, இன்னொருவர் முழங்காலுக்கு அடியில் பிடிக்க, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணித் தூக்க வேண்டும். ஒருவர் இரண்டிலேயே தூக்கிவிடுவதும் மற்றவர் மூன்றுக்குப் பிறகு தூக்குவதும் வழக்கம். அதற்குள் டிரைவர் இறங்கி வந்து, "தள்ளுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்று ஒரே தூக்கில் உட்காரவைத்துவிடுவார். தினமும் தோட்டத்து ஆட்களையும் உர மூட்டையையும் ஏற்றி இறக்கும் கைகளுக்கு இது பெரிய வேலையில்லை.

வண்டி கிளம்பியபின் ஒரு சமத்துவம் வந்துவிடுகிறது. அந்தப் பாதையில் யாருடைய காலும் யாருக்கும் உதவாது. பின்னால் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து எழும்போது, முன் சீட்டில் பெல்ட் போட்டு அமர்ந்திருப்பவரே பத்திரமானவர். மேலே போய் சூரியன் உதிப்பதையும் சிங்கப்பாறையையும் அவர் ஜீப்பில் இருந்தபடியே எவ்வளவு முடியுமோ அவ்வளவு பார்க்கலாம். மீதியை மற்றவர்கள் செல்போனில் எடுத்துவந்து காட்டுவார்கள். படத்தில் சூரியன் தெரியாது. உறவினர்கள் தெரிவார்கள்.

அருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. படி, பாறை, பாசி என்பதே அவற்றின் வரிசை. சக்கரம் முதலாவதிலேயே நின்றுவிடும். சாரல் மட்டும் சில நாள் தானாக வந்து பார்த்துவிட்டுப் போகும்.

வீரபாண்டியில் நிலைமை மேல். கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் ராட்டினக்காரர்கள் எந்த நெறிமுறையும் படித்தவர்கள் அல்லர். ஆனால் தொட்டிலைக் கீழே நிறுத்தி, ஆடாமல் காலால் அண்டக்கொடுத்து, ஆளைத் தூக்கி வைக்கத் தெரிந்தவர்கள். சிக்கல் அதன் பிறகு. ஆள் மேலே போனதும் காலியான சக்கர நாற்காலி கூட்டத்தின் சொத்தாகிவிடுகிறது. முதலில் ஒரு பெரியவர் "சித்த உக்காந்துக்கிறேன்" என்று அமர்வார். அவர் எழுந்ததும் இரண்டு பையன்களில் ஒருவன் உட்கார, மற்றவன் தள்ளுவான். உரியவர் உச்சியில் உட்கார்ந்தபடி, தம் நாற்காலி பஜ்ஜிக் கடையைத் தாண்டிப் போவதைப் பார்க்கலாம். கத்தினால் கேட்காது. ராட்டினத்தில் எல்லோரும் கத்துகிறார்கள்.

மலைக்கோயில்களில் படி தவிர்க்க முடியாதது. பழனி இதற்கு 1966-இல் விஞ்சும் 2004-இல் ரோப்காரும் கண்டது. போடி பரமசிவன் மலைக்கோயில் முதலான மற்ற இடங்களில் தூக்கும் ஆட்களை நம்ப வேண்டும். படியில் ஏறும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரம் படியில் அழுந்தும்படி மேலே இருப்பவர் இழுக்க, கீழே இருப்பவர் தாங்க வேண்டும். கை வைக்கும் சட்டத்தையும் கால்தகட்டையும் பிடித்துத் தூக்கக்கூடாது. அவை கழன்று வரும்படி செய்யப்பட்டவை. முதலில் அவற்றைத்தான் பிடிப்பார்கள். இதற்குள் நான்கு பேர் சேர்ந்து, நான்கு பேரும் யோசனை சொல்லத் தொடங்கியிருப்பார்கள். "பெரியவரே, கொஞ்சம் பலமா புடிச்சுக்கங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். எதைப் பிடித்துக்கொள்வது என்பதை யாரும் சொல்வதில்லை. சரிவில் இறங்கும்போதும் பின்பக்கமாகவே இறங்க வேண்டும். முன்பக்கமாக இறங்கினால் பயணி நாற்காலிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார்.

அசல் கேளிக்கைப் பூங்காவே வேண்டும் என்பவர் மதுரைப் பக்கம் பரவையில் உள்ள அதிசயத்துக்கோ, மலையின் மறுபக்கம் இறங்கிக் கொச்சி வண்டர்லாவுக்கோ போகலாம். பூங்கா எதுவானாலும் அடிப்படை ஒன்றே. ஒரு மனிதர் பணம் கட்டி, அரை மைல் நடந்து, வெயிலில் வரிசையில் நின்று, கடைசியில் இரண்டு நிமிடம் உட்காருகிறார். அங்கே விற்கப்படுவது உட்காருவதுதான். வீட்டிலிருந்தே உட்கார்ந்து வருபவரைப் பார்த்து, எழுந்து வந்து உட்காரச் சொல்கிறார்கள். இதற்கு நியாயமும் இல்லாமல் இல்லை: ராட்சத ராட்டினத்தின் பூட்டுக்கம்பி அதன் சொந்த இருக்கைக்கு அளவெடுத்தது, இயந்திரம் பாதியில் நின்றால் ஆட்களை ஏணியில் இறக்க வேண்டியிருக்கும். ஆனால் வேறு மாதிரியும் செய்ய முடியும். அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் 2010-இல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லாண்டில் குடைராட்டினத்தில் நாற்காலியோடு ஏறலாம். 2017-இல் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்ப் பூங்கா திறந்து, அழுத்தக் காற்றில் ஓடும் நாற்காலிகளையும் வைத்தார்கள். நனைந்தாலும் கெட்டுப்போக அதில் பேட்டரி கிடையாது.

வரிசையில் நிற்காமல் முன்னால் போகலாம் என்பது சக்கர நாற்காலிக்குரிய ஒரே ஆடம்பரம். அதுவும் தனியாக அனுபவிக்கக் கிடைப்பதில்லை. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத்திறனாளிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தி வரிசையைத் தாண்டுவதாக 2013-இல் செய்தி வந்தது; அதே ஆண்டு அக்டோபரில் நிர்வாகம் முறையை மாற்றியது. நம் பக்கம் வாடகை கொடுக்கும் பழக்கம் இல்லை. அப்பத்தாவைச் சக்கர நாற்காலியில் வைத்ததும் தள்ளுவதற்கு ஒருவர், தண்ணீர்ப் பாட்டிலுக்கு ஒருவர், மருந்துப் பைக்கு ஒருவர், துணைக்குத் துணையாக ஏழு பேர் என்று ஒரு படை கிளம்பும். "எல்லாரும் ஒரே குடும்பம் சார்" என்பார்கள். அப்பத்தாவுக்கு அதில் மூன்று பேரை அடையாளம் தெரியாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இருக்கிற பொதுக் கட்டடங்களையும் ஐந்தாண்டுக்குள் தடையற்றதாக்கச் சொன்னது. அதன் கீழ் வந்த விதியோ கட்டாயத்தை வேண்டுகோளாக்கிவிட்டது. 2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று கூறி, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. செய்ய மனம் இருந்தால் மணலிலும் வழி வரும்: சென்னை மெரினாவில் 263 மீட்டர் மரப்பாதை 2022 நவம்பர் 27-இல் திறந்தது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதைப் பார்வையிட்டுச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள்.

கடைசியாக, கழிப்பறை. சுற்றுலா இடங்களில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கதவு ஒன்று இப்போது தென்படுகிறது. அது பூட்டியிருக்கும். சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருப்பார். அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தால், "இத யாரும் கேக்குறதில்லீங்க" என்றபடி திறப்பார். உள்ளே சுவரில் கைப்பிடி இருக்கும். கதவு அகலமாக இருக்கும். தரை மட்டமாக இருக்கும். நடுவில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் துடைப்பக் கட்டும் பழைய விளம்பரத் தட்டியும் அடுக்கியிருக்கும். வழி அகலமாகவும் தரை மட்டமாகவும் இருந்ததால், எல்லாவற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டுவந்து வைக்கச் சுலபமாக இருந்தது என்று அவர் விளக்குவார்.