மரப்படகைக் கண்டதும் வரும் ‘அடடா’: ஓர் ஆய்வு

கேட்வே ஆஃப் இந்தியாவில் எலிஃபண்டா லாஞ்சு ஏறும் மாட்டுங்காக் குடும்பம் எதுவானாலும், தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு ஆடி ஆடி வந்தால் யாராவது ஒருவர் ‘அடடா’ என்பது உறுதி. ஃபைபர் படகுக்கு இந்த மரியாதை கிடையாது. ஏன்? நிதி ஒதுக்க எந்தப் பல்கலைக்கழகமும் முன்வராத இந்தக் கேள்வியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கருதுகோள்: மரப்படகின் மேல் வரும் காதல், அதைப் பழுதுபார்க்கும் இடத்திலிருந்து நாம் நிற்கும் தூரத்துக்கு நேர்விகிதம்.

முதல் சான்று அந்த லாஞ்சேதான். அதுவும் பெரும்பாலும் மரத்தால் ஆனதே. ஆனால் அதற்குள் உட்கார்ந்தவர்கள் டீசல் புகையையும் ஈரப் பெஞ்சையும் பற்றித்தான் பேசுகிறார்கள்.

செம்பூரைத் தாண்டி மாஹுல் பக்கம் போனால் விதி இன்னும் தெளிவு. ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம் பராமரிப்புக்கான காலம். பலகை இடுக்கில் எண்ணெயில் தோய்த்த பஞ்சை உளிவைத்துத் திணிக்க வேண்டும். தட்டும் சத்தம் மாறுவதை வைத்தே இடுக்கு நிறைந்ததா என்று கை அறிந்துகொள்ளும். நாரளி பூர்ணிமாவுக்குள் பெயின்டும் முடிந்தாக வேண்டும். அன்று கடலுக்குத் தேங்காய். இத்தனையும் செய்பவர் ‘அடடா’ சொல்வதில்லை. எங்கே ஒழுகும் என்றுதான் பார்க்கிறார்.

தாராவியில் குடியேறிய தூத்துக்குடி அண்ணாச்சியிடம் தோணியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப் போகும் அந்த மரக்கலத்தைச் சொல்லும்போதே குரல் கனியும். இடையே 1,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, கவனிக்க.

விதிவிலக்கு ஒன்று உண்டு: கப்பல்புழு. பெயரில்தான் புழு, இனத்தால் மட்டி. தன் சிறிய ஓடுகளையே அரமாக்கி மரத்தைக் குடைந்து அதற்குள்ளேயே வாழ்வது. தூரம் பூஜ்யம், காதலுக்கு அளவில்லை.

உச்சச் சான்று, திருகோணமலைப் பெயர் தாங்கிய எச்.எம்.எஸ். டிரின்கோமலி. மலபார் தேக்கில் பம்பாய்த் துறைமுகத்தில் வாடியா குடும்பத்தார் கட்டி, 1817 அக்டோபர் 12-ல் நீரில் இறக்கிய போர்க்கப்பல். அதன் வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா கப்பலை 1812-ல் அமெரிக்கர்கள் பிடித்துவிட, வேறு பிரதி வரவழைக்க வேண்டியிருந்தது. அடிக்கட்டையில் பார்சி வழக்கப்படி வெள்ளி ஆணி அறைந்தார்கள். இன்றும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மூத்தது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில், மும்பையிலிருந்து 7,000 கிலோமீட்டருக்கு அப்பால், டிக்கெட் வாங்கி ‘அடடா’ சொல்கிறார்கள்.

ஒரு மறுப்பு எழலாம்: பலகைக்கு அருகிலேயே நின்ற வாடியாக்கள் வெள்ளி ஆணி அறையும் அளவுக்கு நேசித்தார்களே? உண்மை. ஆனால் கப்பல் 1819-ல் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிந்தைய ரிப்பேர் எதுவும் அவர்கள் தலையில் விழவில்லை.